வாழைப்பழ வாடையும் எலுமிச்சைத் துண்டும்

கேள்வி: பெங்களூருவில், அங்கேயே பியர் தயாரிக்கும் கடை ஒன்றில் கோதுமை பியர் வாங்கினேன். கலங்கலாக இருந்தது, வாழைப்பழ வாடை வேறு. எசன்ஸ் கலக்கிறார்களா, அல்லது கெட்டுப்போன சரக்கா? எலுமிச்சை பிழிந்த பிறகுதான் தொண்டையில் இறங்கியது. இதையெல்லாம் முகர்ந்து பார்த்து, ருசி பார்த்துக் குடிப்பது வெறும் ஆர்ப்பாட்டம்தானே?
- வாசகர், ஓசூர்

பதில்: எசன்ஸும் இல்லை, கெட்டுப்போகவும் இல்லை. நீங்கள் குடித்தது ஜெர்மனியின் பவேரியா மாநிலத்துப் பாணி கோதுமை பியர். அதில் மால்ட் (முளைக்கவைத்துக் காயவைத்த தானியம்), ஹாப்ஸ் (கசப்புத் தரும் ஒரு கொடியின் பூ), தண்ணீர், ஈஸ்ட் தவிர வேறெதுவும் போடுவதில்லை. வாழைப்பழ வாடையைத் தருவது ஈஸ்ட். அது நொதிக்கும்போது ஐசோஅமைல் அசிடேட் என்ற பொருளை உண்டாக்குகிறது. வாழைப்பழத்துக்கு மணம் கொடுப்பதும் அதேதான். இன்னும் கொஞ்சம் பொறுமையாக முகர்ந்திருந்தால் அடியில் கிராம்பு வாசனையும் பிடிபட்டிருக்கும். தானியத்தில் உள்ள ஃபெருலிக் அமிலத்தை அதே ஈஸ்ட் மாற்றுவதால் வருவது அது. நொதிக்கும் இடத்தில் சூடு கூடினால் பொதுவாக வாழைப்பழம் தூக்கலாகிவிடும், குறைந்தால் கிராம்பு முன்னால் வரும். இரண்டும் ஒன்றையொன்று அமுக்காமல் நிற்க வேண்டும். தயாரிப்பவரின் கைப்பக்குவம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

கலங்கல், வடிகட்டாததால் வருவது. ஈஸ்ட்டும் கோதுமைப் புரதமும் அதில் மிதக்கின்றன. ஜெர்மனியில் கோதுமை பியர் என்ற பெயரில் விற்க வேண்டுமானால் மால்ட்டில் பாதியாவது கோதுமையாக இருக்க வேண்டும். கெட்டியான அந்த வெள்ளை நுரை சீக்கிரம் அமுங்காமல் நிற்பதிலும் கோதுமைக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த நுரையின் மேல்தான் நீங்கள் எலுமிச்சையைப் பிழிந்திருக்கிறீர்கள்! தோலில் உள்ள எண்ணெய் நுரையை அமுக்கிவிடும், அதன் மணம் கிராம்பை மூடிவிடும். மேசைக்கே எலுமிச்சையோடு கொண்டுவந்து வைக்கும் கடைக்காரர்கள் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். பல் கூசும் குளிர்ச்சியில் கொடுப்பதும் அதே தப்பு. அந்தக் குளிரில் வாசனை எழும்பாது. 8 டிகிரி பக்கம் போதும்.

இதை இன்று நாம் குடிக்க முடிவதே பெரிய விஷயம். 1516-ல் பவேரியாவில் பியருக்கு பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மட்டும்தான் என்று சட்டம் வந்தது. அப்புறமும் கோதுமை பியர் தயாரிக்கும் தனி உரிமை டெகன்பெர்க் என்ற பிரபுக் குடும்பத்திடம் இருந்தது. 1602-ல் அந்த வம்சம் வாரிசில்லாமல் போக, ஆட்சியாளர் மேக்ஸிமிலியன் உரிமையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். அரண்மனைக்கு நல்ல வருமானம். பிறகு மவுசு குறைந்தது. 1872-ல் கேயார்க் ஷ்னைடர் என்ற பியர் தயாரிப்பாளர் அந்த உரிமையை வாங்கி மியூனிக்கில் தயாரிக்கத் தொடங்கினார். அந்தக் குடும்பம் இன்றும் இதே தொழிலில் இருக்கிறது.

கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல் வாசனை வந்தால் அது பெல்ஜியம் பாணி. அங்கே அவற்றை உண்மையாகவே போடுவார்கள். ஹூகார்டன் ஊரில் அழிந்தே போயிருந்த அந்த வகையை 1960களில் பியேர் செலிஸ் என்பவர் மறுபடி உயிர்ப்பித்தார்.

கெட்ட சரக்கு எது என்று கேட்டால் சொல்கிறேன்: வெண்ணெய் வாடை, நனைந்த அட்டை வாடை, வினிகர் போன்ற புளிப்பு. இவற்றில் ஒன்று வந்தாலும் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். ஆனால் முகர்ந்து பார்த்தால்தானே இதெல்லாம் தெரியும்? ஆர்ப்பாட்டம் என்கிறீர்களே, கொடுத்த காசுக்கு நல்ல சரக்கு வந்திருக்கிறதா என்று பார்க்க வேறு என்ன வழி? அடுத்த முறை எலுமிச்சை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்த வகை புதிதாக இருக்கும்போதுதான் நன்றாக இருக்கும், அதனால் எப்போது தயாரித்தது என்றும் கேளுங்கள். காரமான சிக்கனைக் கடிப்பதற்கு முன்னால் முதல் வாயைக் குடித்துப் பாருங்கள்.