புதிதாக பைக் ஓட்டுபவர்களுக்கு, வண்டியைப் பராமரிக்கவும் டிராஃபிக்கில் பத்திரமாக ஓட்டவும் என்ன சொல்வீர்கள்?

"ஆரம்பத்தில் முன் பிரேக் பக்கமே போகாதீர்கள், வண்டி தூக்கி அடித்துவிடும்" என்று இந்தக் கேள்விக்கு ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். அதற்கு ஆமாம் போட்டவர்களும் நிறைய. அதைப் படித்த பிறகு பேசாமல் போக மனசு வரவில்லை.

நான் மெக்கானிக் இல்லை, ரேஸ் ஓட்டுகிறவனும் இல்லை. மருந்துக் கம்பெனி ரெப். தஞ்சாவூரில் கிளம்பி பாபநாசம், கும்பகோணம், சில நாள் மயிலாடுதுறை வரைக்கும் டாக்டர்களைப் பார்க்கப் போவது பைக்கில்தான். மழை, அனல், முகூர்த்த நாள் கூட்டம் என்று எதையும் காரணம் சொல்ல முடியாது. ஆகவே இது 100, 150 சிசி வண்டியை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவன் சொல்வது. லடாக் போகிறவர்கள் இப்படியே அடுத்த பதிலுக்குப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கேட்டவர் யாரென்று தெரியாது. படிப்பை முடித்து, வேலையில் சேர்ந்து, முதல் பைக்கைத் தவணையில் எடுத்தவர் என்று வைத்துக்கொள்கிறேன். என் அக்கா பையனும் அப்படித்தான் எடுத்தான். ஷோரூமிலிருந்து வண்டி வந்து, மாலை போட்டு, சந்தனம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கிய கையோடு அத்தான் அவனுக்குச் சொன்ன முதல் புத்திமதி: "முன்னாடி பிரேக்கப் புடிக்காதடா, கவுத்திரும்." அவரைக் குற்றம் சொல்ல முடியாது. சைக்கிளில் பழகிய தலைமுறை. இறக்கத்தில் சைக்கிளின் முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்து, ஹேண்டில்பாரைத் தாண்டி விழுந்தவர்களைப் பார்த்த பயம். அதை அப்படியே 140 கிலோ பைக்குக்கும் கொண்டுவந்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பையனைக் கூட்டிக்கொண்டு வல்லம் பக்கம் போனேன். மனை போட்டு, தார் ரோடும் போட்டு, யாரும் வீடு கட்டாமல் கிடக்கிற நகர் ஒன்று அங்கே இருக்கிறது. ரோட்டோரம் ஒரு செங்கலை வைத்தேன். "40-ல வா. செங்கலத் தாண்டும்போது கால் பிரேக்க மட்டும் மிதி." வந்தான், மிதித்தான். பின் டயர் கிறீச்சென்று இழுத்துக்கொண்டு போனது. வால் பக்கம் லேசாக ஒதுங்கியது, தாரில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. வண்டி நின்ற இடத்தில் என் செருப்பில் ஒன்றைக் கழற்றிப் போட்டேன்.

அடுத்து, அதே வேகத்தில் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கச் சொன்னேன். முன் லீவரில் இரண்டு விரல். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. முதலில் லேசாகத் தொட வேண்டும், முன் ஷாக் அப்சார்பர் அமுங்குவது கைக்குத் தெரிந்ததும் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும், ஹேண்டில் நேராக இருக்க வேண்டும். முதல் தடவை பயந்து பாதியிலேயே விட்டுவிட்டான். அப்புறம் விரல் பழகியது. செருப்புக்கு வெகு முன்னாலேயே வண்டி நின்றது. இறங்கி வந்து செருப்பைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். "மாமா, அப்பா சொன்னது?" என்றான்.

விஷயம் ரொம்ப எளிது. பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்னால் வருகிறது. முன் டயர் ரோட்டை அழுத்திப் பிடிக்கிறது. பின் டயர் பாரம் குறைந்து, சுற்றாமல் சீக்கிரம் லாக் ஆகிவிடுகிறது. அதனால் காய்ந்த தார் ரோட்டில் வண்டியை நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துடையது. அதைத் தொடாமல் ஓட்டப் பழகினால், அவசரத்தில் முதல்முறையாகத் தொடுவீர்கள். அன்றைக்குத்தான் தூக்கி அடிக்கும்.

'அதுதான் ஏபிஎஸ் வந்துவிட்டதே' என்று எழுத வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஏபிஎஸ் என்பது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கிற அமைப்பு. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேல் விற்கிற புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம், உண்மைதான். ஆனால் 150 சிசி வகையில் பல வண்டிகளில் அது முன் சக்கரத்துக்கு மட்டும்தான். பையனுடைய பின் டயர் கோடு போட்டதும் அதனால்தான். முன் லீவரைத் தொடவே மாட்டேன் என்றால் அந்த ஏபிஎஸ்ஸுக்கு அங்கே என்ன வேலை? சிறிய வண்டிகளில் வருகிற சிபிஎஸ் என்கிற ஏற்பாட்டில் கால் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். கொஞ்சம்தான், லீவரின் முழு வேலையையும் அது செய்துவிடாது.

நாங்கள் இதைச் செய்துகொண்டிருக்கும்போதே அத்தான் எக்ஸ்எல் வண்டியில் வந்து சேர்ந்தார். அக்கா அனுப்பியிருப்பாள். கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். "காலி ரோட்டுல எல்லாம் சரிதான் மாப்ளே. பாபநாசம் ரோட்டுல உளுந்தக் காயப் போட்டிருப்பான், அங்க போயி புடிச்சா?"

நியாயமான கேள்வி. எங்கள் பக்கம் தை, மாசியில் சம்பா அறுவடையானால் ரோட்டில் நெல்லும் வைக்கோலும் இருக்கும். பங்குனி வாக்கில் உளுந்து, பயறு. போகிற வண்டிகள் ஏறி மிதித்துத் தரட்டும் என்று பாதி ரோட்டை அடைத்துப் பரப்பியிருப்பார்கள். அவர்களைத் திட்ட மாட்டேன், ஊரில் நல்ல களம் இல்லையென்றால் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள்? ஆனால் அந்தச் செடி மேல் டயருக்குப் பிடிமானமே கிடையாது. ஏறிய பிறகு எந்த பிரேக்கும் உதவாது. ஏறுவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி, ஆக்ஸிலேட்டரைச் சீராகப் பிடித்து நேராகக் கடந்துவிட வேண்டும். லாரி சிந்திவிட்டுப் போன எம்-சாண்ட், முதல் மழை நனைத்த ரோடு, ஈரமான வெள்ளைக் கோடு எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். ரயில்வே கேட்டில் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்காதீர்கள், டயர் நேர்க்குத்தாக ஏற வேண்டும். வைக்கோல் ரோட்டைத் தாண்டி வந்தால் இறங்கி, பின் ஸ்பிராக்கெட்டை, அதாவது செயின் மாட்டியிருக்கிற பல்சக்கரத்தை, ஒரு பார்வை பாருங்கள், வைக்கோல் கயிறு திரித்த மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும்.

டிராஃபிக்கில் ஒரே ஒரு பழக்கத்தைச் சொல் என்றால், இடைவெளி விடுவதைத்தான் சொல்வேன். 60-ல் போகிற வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் போகிறது. முன்னால் பஸ் நிற்பதைக் கண் பார்த்து, விரல் லீவருக்குப் போவதற்குள் ஒரு நொடி போய்விடும். அதாவது, பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே ஒன்றரை பஸ் நீளம் காலி. அந்த பஸ்ஸுக்கு பிரேக் லைட் எரியும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. இடைவெளி விட்டால் நடுவில் ஆட்டோக்காரர் புகுந்துவிடுவாரே என்பீர்கள். புகட்டும், மறுபடி கொஞ்சம் பின்வாங்குங்கள். நிறுத்தத்தில் நிற்கிற பஸ்ஸை இடது பக்கமாக முந்தாதீர்கள். படியிலிருந்து இறங்குகிறவர் உங்களைப் பார்த்து இறங்க மாட்டார். லாரி பக்கத்தில் போகும்போது அதன் சைடு கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கும் நீங்கள் தெரியவில்லை.

பராமரிப்புக்கு வருகிறேன். நான் வண்டி விடுகிற சர்வீஸ் சென்டர் பெயர் வேண்டாம். பில்லில் 'செயின் கிளீனிங், லூப்' (துடைத்து ஆயில் விடுவது) என்று தவறாமல் காசு போடுவார்கள். ஒருமுறை சாயங்காலம் வண்டியை எடுக்கப் போனால், பில் தயார், வண்டி பளபளவென்று வாட்டர் வாஷ். குனிந்து பார்த்தேன். ஸ்பிராக்கெட்டில் காலையில் சுற்றியிருந்த வைக்கோல் அப்படியே இருந்தது. சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பசங்க மறந்துட்டாங்க சார்" என்றார். பிறகு ஒரு பையன் வந்து சுத்தம் செய்தான், கூடவே என்னை சமாதானப்படுத்துவதாக நினைத்து செயினை இறுக்கியும் வைத்தான். வேண்டாம் என்று நின்று தளர்த்த வைத்த பிறகுதான் கிளம்பினேன்.

ஏனென்றால் செயின் லூசாக இருந்தால் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். டைட்டாக இருந்தால் நமக்குத் தெரியாது. ஆள் ஏறி உட்கார்ந்ததும் இன்னும் இறுகி, பேரிங்கையும் ஸ்பிராக்கெட்டையும் தின்னும். கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். சாதாரண வண்டிகளில் 20 முதல் 30 மி.மீ. ஆட்டம் இருக்க வேண்டும், உங்கள் வண்டியின் சரியான அளவு கையேட்டில் இருக்கும். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது, அதனால் சக்கரத்தைச் சுற்றி மூன்று நான்கு இடத்தில் பாருங்கள். செயின் கவர் மூடிய வண்டியென்றால் அடியில் ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதைக் கழற்றிவிட்டு விரலை விடலாம். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், மழையில் ஓட்டிய மறுநாளும் மண்ணெண்ணெயோ செயின் கிளீனரோ போட்டுத் துடைத்து, 90 கிரேடு கியர் ஆயில் விட்டால் போதும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில், கையால் சுற்றித் துடையுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றுகிற செயினில் துணியைப் பிடிக்கிற வித்தையை வீடியோவில் பார்த்துச் செய்யாதீர்கள். விரல் போய்விடும்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டில் மிச்சமிருக்கிறது என்று கார் ஆயிலை பைக்கில் ஊற்றாதீர்கள். பெரும்பாலான பைக்குகளில் இன்ஜின், கிளட்ச், கியர் மூன்றும் ஒரே ஆயிலில் ஓடுகின்றன. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கிற சரக்கு கிளட்சை வழுக்க வைத்துவிடும். டப்பாவில் பைக் ஆயிலுக்கான தரக் குறியீடான 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்று இருக்கிறதா என்று பாருங்கள். டயர் வாங்கும்போது பக்கவாட்டில் நாலு இலக்கம் தேடுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. பின்னால் உட்காருகிறவர்களின் சேலையும் துப்பட்டாவும் சக்கரத்துக்குள் போகாமல் தடுக்கிற சேலை கார்டை ஸ்டைலுக்காகக் கழற்றாதீர்கள். காற்று வாரம் ஒருமுறை, டயர் சூடாவதற்கு முன்.

காற்று என்றதும் நினைவு வருகிறது. பெட்ரோல் பங்கில் காற்று இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. நான் போகிற வழியில் பாதி பங்குகளில் அந்த மெஷின் 'ரிப்பேர்'. பக்கத்துப் பஞ்சர் கடையில் காசு கொடுத்துத்தான் பிடிக்கிறேன். இந்தக் காசை எந்த அலவன்ஸில் எழுதுவது? எங்கள் கம்பெனியின் கிலோமீட்டர் அலவன்ஸ், பெட்ரோல் 70 ரூபாய் சில்லறையில் இருந்தபோது போட்டது. 2021-ல் பெட்ரோல் 100-ஐத் தாண்டியது, அலவன்ஸ் அதே இடத்தில் நிற்கிறது. டயர், ஆயில், செயின் செட் எல்லாம் நம் சட்டைப் பையிலிருந்து. கேட்டால் "இப்ப ஆன்லைன்லயே டாக்டர்ஸைப் பாக்கலாமே" என்கிறார் மேனேஜர். அவர் ஒருநாள் கும்பகோணத்தில் காத்திருந்து பார்க்கட்டும். சரி, இது உங்கள் கேள்வி இல்லை.

ஹெல்மெட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று யாராவது பிடிப்பார்கள். 2022-ல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இரு சக்கர வண்டியில் போனவர்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதற்கு மேல் நான் என்ன பிரசங்கம் செய்ய? ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள், தாடைப் பட்டையை மாட்டுங்கள். போலீஸைப் பார்த்ததும் டேங்க் மேலிருந்து எடுத்துத் தலையில் கவிழ்ப்பவர்களுக்கு 1,000 ரூபாய் அபராதம் மிச்சம், அவ்வளவுதான். கறுப்பு வைசர் மட்டும் வேண்டாம். எங்கள் பக்கம் வயல் ஓரமாகப் போகிற ரோட்டில் இருட்டத் தொடங்கியதும் பூச்சி மொய்க்கும். கறுப்பு வைசரை இறக்கினால் ரோடு தெரியாது, ஏற்றினால் கண்ணில் பூச்சி விழும். கண்ணாடி மாதிரித் தெளிவான வைசர் பல ஹெல்மெட்டுகளுக்குத் தனியாகவே கிடைக்கிறது, கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.