ஆடு சிலிர்க்கும்வரை

அன்புள்ள ஐயா,

எனக்கு இருபத்தேழு வயது. சொந்த ஊர் விருதுநகர் பக்கம், வேலை சென்னையில். இரண்டு வருடமாக வீகன். கறி, மீன், முட்டை மட்டுமில்லை, பால், தயிர், நெய், தேன் எதுவும் கிடையாது. நீங்களும் அப்படித்தான் என்று உங்கள் கட்டுரை ஒன்றில் படித்ததால் எழுதுகிறேன்.

போன மாதம் அக்கா மகனுக்குக் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தினோம். கிடா வெட்டு. கிடாயை வளர்த்துக் கொடுத்தவர் என் தாய்மாமா. எனக்குக் காது குத்தியதும் அவர் மடியில் வைத்துத்தான். பந்தியில் நான் ரசம் சோறு மட்டும் வாங்கிக்கொண்டேன். சித்தி விடவில்லை. "சாமி கறி, ஒரு துண்டு வச்சுக்கோ, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "உண்ணாமை வேண்டும் புலால், பிறிதொன்றன் புண்ணுன்னு வள்ளுவரே சொல்லியிருக்காரு. நீங்க எல்லாரும் புண்ணைத்தான் தின்னுக்கிட்டிருக்கீங்க" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். எதிர்வரிசையில் இருந்த மாமா, "பட்டணத்துக்குப் போயி எங்கள விட ஒசந்துட்டியா தாயி?" என்றார். அவ்வளவுதான். பாதிச் சோற்றில் இலையை மூடிவிட்டு எழுந்து போனார்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. மன்னிப்பு கேள் என்கிறார் அம்மா. நான் சொன்னதில் என்ன பொய்? மன்னிப்பு கேட்டால் அந்த ஆட்டைக் கைவிட்டதுபோல் ஆகாதா? வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் வழியா? 'பிரசங்கம் பண்றா' என்ற பேர் வாங்காமல் இதை எப்படித்தான் சொல்வது?

அன்புடன்,
கா.

அன்புள்ள கா.,

மாமாவிடம் மன்னிப்பு கேளுங்கள். அவரைச் சோற்று இலையிலிருந்து எழுப்பிவிட்டீர்கள், அதற்காகக் கேளுங்கள். ஆட்டைப் பற்றி நீங்கள் நினைப்பதில் ஒரு சொல்லைக்கூடத் திரும்பப் பெற வேண்டியதில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குப் பல வருடங்கள் ஆயின.

முதலில் அந்தக் குறள். "உண்ணாமை வேண்டும் புலாஅல் பிறிதொன்றன் புண்ணது உணர்வார்ப் பெறின்." பந்தியில் நீங்கள் 'புண்' என்பதோடு நிறுத்திவிட்டீர்கள். அதற்குப் பிறகு 'உணர்வார்ப் பெறின்' என்று இருக்கிறது. அது புண் என்று உணர்கிறவர்கள் இருந்தால். வள்ளுவர் அதை ஒரு நிபந்தனையோடு விட்டுவிட்டுப் போகிறார். கொல்லாமைக்கும் புலால் மறுத்தலுக்கும் தனித்தனி அதிகாரம் எழுதிய மனிதருக்கு இதில் தயக்கம் இருந்திருக்க முடியாது. உணர்வு என்பதை ஒருவர் இன்னொருவர் வாயில் ஊட்ட முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதே வள்ளுவர்தான் காமத்துப்பாலில் காதலியின் இதழ் நீருக்குப் 'பாலொடு தேன்கலந்தற்றே' என்று உவமை சொல்கிறார். நீங்களும் நானும் விட்டுவிட்ட இரண்டையும் ஒரே அடியில் வைத்துச் சுவைத்தவர் அவர். அவரை நமக்குச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றும்போது பாதியை மறைத்துவிட்டுத்தான் ஏற்றுகிறோம்.

இனி மாமா கேட்டது. "எங்கள விட ஒசந்துட்டியா?" உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் தொந்தரவு செய்த வரி அதுதான். நீங்கள் ஆட்டைப் பற்றிப் பேசினீர்கள். அவர் காதில் விழுந்தது சாதி. அவர் காதில் கோளாறு ஏதும் இல்லை. 'சுத்த சைவம்' என்று பலகை வைக்கும் ஊர் நம்முடையது. அப்படியென்றால் மற்றது அசுத்தம். 'சைவர்களுக்கு மட்டும் வீடு வாடகைக்கு' என்ற அறிவிப்புக்கு என்ன பொருள் என்று வீடு தேடி அலைந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. யார் என்ன தின்கிறார்கள் என்பதை வைத்தே மனிதர்களைப் படிக்கட்டில் ஏற்றியும் இறக்கியும் பழகிய மண்ணில், ஒரு சாப்பாட்டுப் பந்தியில், 'நீங்கள் தின்பது புண்' என்று ஒரு குரல் எழுந்தால் அது எத்தனை நூற்றாண்டுகளின் குரலாகக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள். வீகன் என்பதற்கு 'நனிசைவம்' என்று ஒரு தமிழ்ச்சொல் புழங்குகிறது. ஆக்கியவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் ஆக்கியிருப்பார்கள். நான் அதைப் பயன்படுத்துவதில்லை. சைவத்துக்கும் மேலே ஒரு படி இருப்பதாக அது சொல்கிறது. மாமா பயந்தது அந்தப் படியைப் பார்த்துத்தான்.

உண்மையில் நம் கொள்கை அந்தப் படிக்கட்டையே உடைக்கிறது. மாடு தொடர்ந்து பால் கறக்க வேண்டுமென்றால் மறுபடி மறுபடி கன்று ஈன வேண்டும். ஈனுவதில் பாதி காளைக்கன்று. உழவுக்கு டிராக்டர் வந்த பிறகு அதற்கு வேலை இல்லை, யாரும் தீனி போட்டு வைத்துக்கொள்வதும் இல்லை. அது அடிமாட்டு வண்டியில்தான் ஏறுகிறது. பால் வற்றிய தாயும் பின்னாலேயே ஏறுகிறது. பாலைக் குடித்தவர் சுத்த சைவராகவே இருக்கிறார், மிச்சத்தைத் தின்றவர் மீது பழி. இதை உங்கள் மாமாவிடம் சொல்லியிருந்தால் அவர் இலையை மூடியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். வீகன் பேச்சு முதலில் போய் நிற்க வேண்டிய வாசல் ஃபில்டர் காபி மணக்கும் வாசல். கிடா வெட்டும் பந்தி அதற்கு வெகுதூரம் பின்னால் வருகிறது.

வள்ளலார் வடலூரில் 1867-ல், பசித்தவர்களுக்குச் சோறு போடும் சத்திய தருமச்சாலையை ஆரம்பித்தார். கொலையும் புலாலும் உடையவர்களைப் 'புறவினத்தார்' என்று அவர் பாடியிருக்கிறார். அந்தச் சொல்லோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை, அதில் ஒரு கோடு விழுகிறது. ஆனால் அவர்களுக்கும் பசி தவிர்க்க வேண்டும் என்று அதே பாடலில் சொல்கிறார். கொல்லாமையில் அவரைவிடப் பிடிவாதமானவர் நம் மொழியில் யார்? அவரே சோற்றின் முன்னால் அந்தக் கோட்டைத் தாண்டி வருகிறார்.

என் கதையையும் சொல்கிறேன். பெருமைப்படும்படி அதில் ஒன்றும் இல்லை.

என் அம்மா இரண்டு மாடு வைத்திருந்தார். விடிவதற்கு முன் எழுந்து கறந்து சொசைட்டியில் பால் ஊற்றுவார். என் கல்லூரிக் கட்டணம் அந்தப் பணம். வேலைக்குப் போய், வீகனாகி, முதல் முறை ஊருக்கு வந்தபோது காபி கொண்டுவந்து நீட்டினார். "கன்னுக்குட்டி வாயிலேருந்து புடுங்கினது எனக்கு வேண்டாம்மா" என்றேன். ஒன்றும் பேசாமல் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம் நான் போகும்போதெல்லாம் எனக்குத் தனியாகச் சமைத்துப் போடுவார், என்னோடு உட்கார்ந்து சாப்பிடமாட்டார். கிட்டத்தட்ட ஒரு வருடம் அப்படிப் போயிற்று. ஒருநாள் ராத்திரி கரண்ட் போய்த் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அவராகவே ஆரம்பித்தார்: "காளைக்கன்ன வியாபாரிக்கு வித்த அன்னிக்கு அந்த மாடு ராவெல்லாம் கத்துச்சுடா. நானும் தூங்கல. இத நீ வந்துதான் எனக்குச் சொல்லணுமா?"

நான் படித்துத் தெரிந்துகொண்டதை அம்மா கேட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறார், வருடக்கணக்காக. என் பரீட்சைக் கட்டணத்துக்காக.

நம் பேச்சு பிரசங்கமாகிவிடுவது எதனால் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. எதிரே இருப்பவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு பேசுகிறோம். வளர்த்தவர்களுக்குத் தெரியும். நம்மைவிட நன்றாகத் தெரியும். அந்தக் கிடாய் எந்தத் தழையை விரும்பித் தின்றது, எந்தக் குரலுக்குத் திரும்பிப் பார்த்தது என்பதெல்லாம் உங்கள் மாமாவுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. தெரிந்தவரிடம் கேட்கத்தான் வேண்டும். அம்மாவிடம் நான் அதற்கப்புறம் எதுவும் சொன்னதில்லை, கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு மாட்டின் பேரும் குணமும் சொல்வார். முட்டி வலி வந்து கறவையை நிறுத்தும்வரை மாடு வைத்திருந்தார், பால் ஊற்றினார். கடைசி மாட்டை அடிமாட்டுக்குக் கொடுக்க மறுத்துவிட்டார். அது எங்கள் தொழுவத்திலேயே கிழடாகிச் செத்தது. கொடுக்க வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கிடா வெட்டில் ஒரு விஷயம் கவனித்திருப்பீர்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு ஆடு உடம்பை ஒரு தடவை சிலிர்க்கும்வரை எல்லோரும் காத்திருப்பார்கள். சிலிர்த்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது, ஆடு சம்மதித்துவிட்டது. சிலிர்க்காவிட்டால் மறுபடி தண்ணீர், மறுபடி காத்திருப்பு. கூட்டத்தில் ஒருவர் முகத்திலும் சிரிப்பு இருக்காது. ஈரம் பட்டால் எந்த ஆடும் உடம்பை உதறும் என்பது ஆடு வளர்க்கிற அவர்களுக்கா தெரியாது? இருந்தும் அந்த உயிரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டக்கூடாது என்று யாரோ ஒரு காலத்தில் நினைத்திருக்கிறார்கள். நீங்கள் வெளியிலிருந்து கொண்டுபோக வேண்டிய அறம் என்று ஒன்றும் இல்லை, அந்தக் கோயில் வாசலிலேயே அது நின்றுகொண்டிருக்கிறது. பாலிதீன் உறையில் உரித்த கோழி வாங்கும் சென்னைக்காரர்கள் யாரும் எதையும் கேட்பதில்லை.

மேலிருந்து உத்தரவு போட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 1950-லேயே இங்கே கோயில்களில் உயிர்ப்பலியைத் தடை செய்யும் சட்டம் இருந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. 2003-ல் அரசு அதைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்னது. தங்கள் சாமியின் மீதே கைவைக்கிறார்கள் என்று கிராமங்கள் கொதித்தன. 2004-ல் சட்டத்தையே விலக்கிக்கொண்டார்கள். அதற்கப்புறம் கிடா வெட்டு ஒரு தன்மானப் பிரச்சினையாகிவிட்டது. ஓர் ஆடும் அதனால் பிழைக்கவில்லை.

பேசாமலே இருப்பதா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. கேட்டவர்களுக்கு முழுசாகச் சொல்லுங்கள், கூச்சப்பட்டு மழுப்பாதீர்கள். நகரத்தில் உங்களோடு வேலை செய்கிறவர்கள் பலருக்கு உண்மையிலேயே தெரியாது. முட்டைக்கோழி இனத்தில் பிறக்கும் சேவல் குஞ்சு முட்டையும் போடாது, கறிக்கும் சீக்கிரம் வளராது. அதனால் பொரித்த முதல் நாளே அதை ஒழித்துவிடுகிறார்கள். திருவிழாவில் பச்சையும் ரோஸுமாகச் சாயம் முக்கி விற்கிறார்களே குஞ்சுகள், அவையும் பெரும்பாலும் இப்படிக் கழித்துவிட்டவைதான். சின்ன வயதில் அதை வாங்கி மூன்று நாளில் சாகக் கொடுத்து அழாத பிள்ளை நம்மில் யார்? அந்த அழுகையிலிருந்து தொடங்கிப் பேசுங்கள். அது அவர்களிடமே இருக்கிறது.

ஒன்றே ஒன்றில் நான் கறாராக இருப்பேன். பொய் சொல்லாதீர்கள். 'பால் விஷம், குடித்தால் புற்றுநோய்' என்று வாட்ஸப்பில் வருவதை அனுப்பாதீர்கள். பால் குடித்து எண்பது வயது வாழ்ந்த பாட்டி எல்லார் வீட்டிலும் இருக்கிறார், ஒரு பொய் தெரிந்துவிட்டால் கன்றுக்குட்டியும் பொய்யாகிவிடும். நமக்கு வைட்டமின் பி12 செடிகொடிகளிலிருந்து கிடைக்காது, மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். அதை எல்லோர் முன்னிலையிலும் போட்டுக்கொள்ளுங்கள். உடம்புக்கு நல்லது என்பதை மட்டும் வைத்துப் பேசாதீர்கள். காந்தி 1931-ல் லண்டனில் சைவ உணவுக்காரர்கள் சங்கத்தில் பேசியபோது இதைத்தான் அவர்களிடம் சொன்னார். உடம்புக்காக மட்டும் சைவமானவர்கள் பெரும்பாலும் திரும்பிப் போய்விட்டார்கள், நிற்பதற்கு அற அடிப்படை வேண்டும் என்றார். அடுத்தவர் மாற வேண்டுமானால் நமக்குச் சகிப்பும் கொஞ்சம் பணிவும் வேண்டும் என்றும் சொன்னார். சொல்லத் தகுதி இருந்தவர். 1912-ல் தென்னாப்பிரிக்காவில் தாம் நடத்திய டால்ஸ்டாய் பண்ணையில் பாலை விட்டார். பின்னால் கடும் நோயில் விழுந்து ஆட்டுப்பால் குடிக்க ஒத்துக்கொண்டார். சபதம் எடுத்தபோது மனதில் பசுவும் எருமையும்தான் இருந்தன என்று சமாதானம் சொல்லிக்கொண்டதையும், சபதத்தின் உயிரைக் கொன்று எழுத்தை மட்டும் காப்பாற்றியதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்த இடத்தைப் படித்த பிறகு யாரையும் பார்த்து விரல் நீட்ட எனக்குக் கை வருவதில்லை.

பந்தியில் மட்டும் பேசாதீர்கள். யார் இலையில் என்ன இருக்கிறது என்று பார்க்காதீர்கள், உங்கள் இலையைப் பார்த்து யாராவது கேட்டால் "எனக்கு மனசு ஒப்பல சித்தி" என்பதோடு முடித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கு நம் வீடுகளில் நல்ல மரியாதை உண்டு. முடிந்தால் நீங்களே சமைத்துப் போடுங்கள். தேங்காய்ப்பால் ஊற்றிய இடியாப்பம், எள்ளுருண்டை, சொதி. இவற்றையெல்லாம் வீகன் என்று அறிவித்துவிட்டுப் பரிமாறாதீர்கள், சும்மா பரிமாறுங்கள்.

மாமா வீட்டுக்கு நேரில் போங்கள், போன் வேண்டாம். உங்கள் பக்கத்தில் உளுந்தங்களி கிண்டுவார்களே, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு. அதில் நமக்கு ஆகாதது ஒன்றும் இல்லை. அத்தையிடம் கேட்டு வாங்கி, மாமா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். "ஒங்கள எலையிலேருந்து எழுப்பிட்டேன் மாமா" என்று மட்டும் சொல்லுங்கள். அவர் தொழுவத்தில் இன்னும் ஆடுகள் இருக்கின்றனவா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் சாயங்காலம் தழை ஒடித்துப்போட அவரோடு கூடப் போங்கள். அந்தக் கிடாய்க்கு அவர் ஏதாவது பேர் வைத்திருந்தாரா என்று எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது. போய்வந்து எழுதுங்கள்.