ஜெல் போதாதா, கேப்ஸ்யூலும் வேண்டுமா?

கேள்வி: வயது 49. மாதவிடாய் நின்று ஒன்றரை வருடமாகிறது. ராத்திரியில் உடம்பெல்லாம் திடீரெனக் கொதித்து வியர்த்துக் கொட்டியதால், டாக்டர் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஜெல்லும், தினமும் 100 மி.கி. புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் கேப்ஸ்யூலும் கொடுத்தார். ஜெல்லிலேயே சூடு அடங்கிவிட்டது. கேப்ஸ்யூலோ பகலில் தூக்கத்தில் ஆழ்த்துகிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: கர்ப்பப்பை இருக்கும்வரை நிறுத்தவே கூடாது, சகோதரி. ஈஸ்ட்ரோஜன் மட்டும் உடம்பில் சேர்ந்தால் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும். நாளடைவில் அது புற்றுநோயாகவும் மாறலாம். அதைத் தடுக்கத்தான் கேப்ஸ்யூல். கர்ப்பப்பையை எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் இது தேவைப்படாது.

கேப்ஸ்யூலைக் காலையிலா போடுகிறீர்கள்? படுக்கப்போகும்போது போடுங்கள். இரவு உணவு முடிந்து இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். சாப்பாட்டோடு விழுங்கினால் மருந்து கூடுதலாக ரத்தத்தில் ஏறி மயக்கமும் கூடும். சில கம்பெனி கேப்ஸ்யூல்களில் கடலை எண்ணெய் இருக்கும், வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் அட்டையைப் பார்த்து வாங்க வேண்டும். அப்படியும் தூக்கம் விடவில்லையென்றால், லெவோநார்ஜெஸ்ட்ரல் (புரோஜெஸ்டிரோன் போலவே வேலை செய்யும் ஹார்மோன்) சுரக்கும் சாதனத்தைக் கர்ப்பப்பைக்குள் பொருத்துவது பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

ஜெல்லைக் குளித்துத் துடைத்த பிறகு மேல்கையிலோ தொடையிலோ மெல்லியதாகப் பரப்பி, ஐந்து நிமிடம் உலர விடுங்கள். மார்பில் தடவக் கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தடவிய இடம் குழந்தைகள் மேல் படவேண்டாம். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு ஏற்படும் அபாயத்தைக் கூட்டும், வழக்கமான அளவு ஜெல்லில் அப்படித் தெரியவில்லை. ஏற்கெனவே இந்த அபாயம் கூடுதலாக உள்ள, எடை கூடியவர்களுக்கு ஜெல்லை நாங்கள் விரும்புவது இதனால்தான்.

முதல் மூன்று, நான்கு மாதம் லேசாக ரத்தம் படுவது சகஜம். ஆறு மாதம் தாண்டியும் பட்டாலோ, அதிகமாகப் போனாலோ ஸ்கேன் அவசியம்.

கேள்வி: ஹார்மோன் எடுத்தால் மார்பகப் புற்றுநோய் வரும் என்கிறார்களே?

பதில்: இந்தப் பயம் 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்விலிருந்து பரவியது. அதில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 63. இரு ஹார்மோன்களையும் மாத்திரையாக எடுத்தவர்களில், 10,000 பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 8 பேர் கூடுதலாகப் பாதிக்கப்பட்டார்கள். அபாயம் உண்மைதான், ஆனால் சிறியது. எடுக்கும் ஆண்டுகள் கூடக் கூட அதுவும் கூடும். 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்ற பத்தாண்டுக்குள் தொடங்குகிறவர்களுக்குப் பொதுவாக நன்மையே அதிகம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டு, பக்கவாதம், மாரடைப்பு கண்டவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள் தாமாகத் தொடவே கூடாது.

கேள்வி: வயது 58. பிறப்புறுப்பு வறட்சியும் எரிச்சலும் மட்டும்தான்.

பதில்: உங்களுக்கு மாத்திரையோ ஜெல்லோ வேண்டாம். எஸ்ட்ரியால் (ஒரு வகை ஈஸ்ட்ரோஜன்) கிரீமை இரண்டு, மூன்று வாரம் தினமும் இரவில் உள்ளே வைத்து, பிறகு வாரம் இரண்டு முறையாகக் குறைத்தால் போதும். ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு என்பதால் புரோஜெஸ்டிரோனும் வேண்டியதில்லை. ஒரு சொட்டு ரத்தம் பட்டிருந்தாலும், கிரீமைத் தொடங்கும் முன் பரிசோதித்துவிடுங்கள்.