ஐரோப்பாவில் நேரில் போய்ப் பார்க்கத் தகுந்த அனிமேஷன் திரைப்பட விழாக்கள் எவை?

இரண்டு வார விடுப்பும், ஒரே ஒருமுறை போய்வரப் பணமும் வைத்திருக்கும் ஒருவர் கேட்கும் கேள்வி இது என்று எடுத்துக்கொள்கிறேன். வசதியுள்ளவர் என்றால் இந்தப் பதில் உங்களுக்கு இல்லை. பிரான்ஸின் ஆன்சியில் ஏரியைப் பார்த்த மாதிரி அறை போட்டுக்கொண்டு நிம்மதியாக இருங்கள்.

ஆம், ஆன்சி. பிரெஞ்சுக்காரர்கள் அப்படித்தான் உச்சரிக்கிறார்கள். பத்து வருடம் 'அன்னெசி, அன்னெசி' என்று சொல்லித் திரிந்தவன் நான். 1960இல் தொடங்கிய விழா. இந்தத் துறையில் அதைவிடப் பழையதும் கிடையாது, பெரியதும் கிடையாது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. போய்வந்தவர்கள் கீழே கருத்து எழுதி என்னை வறுக்க வேண்டாம். ஆனால் முதல் பயணம் என்றால் குரோஷியாவின் ஸாக்ரெபுக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். இரண்டையும் ஒரே மாதத்தில் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

2023 ஜனவரியில் குரோஷியா, ஒரே விசா செல்லுபடியாகும் ஷெங்கன் நாடுகளின் வட்டத்துக்குள் வந்தது. ஸாக்ரெபின் 'அனிமாஃபெஸ்ட்' ஜூன் முதல் வாரத்தில் முடிய, மறுநாளே ஆன்சி தொடங்கியது. ஒரே விசாவில் இரண்டு விழா! எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதை மட்டும் தவற விடாதீர்கள். விண்ணப்ப மையத்தில் இருந்த பெண் என் கடிதத்தைப் படித்துவிட்டு, "பொம்மைப்படம் பார்க்கவா சார் இவ்வளவு தூரம்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. என் சொந்தச் சித்தப்பா இன்றும் அதைத்தான் கேட்கிறார்.

ஸாக்ரெப் விழா 1972இல் பிறந்தது. அதற்கும் முன்பே அந்த ஊருக்குப் பெயர் இருந்தது. அனிமேஷன் குறும்படத்துக்கு ஆஸ்கர் வாங்கிய முதல் வெளிநாட்டுக்காரர் துஷான் வுகோடிச், 1962இல். வேலை பார்த்தது ஸாக்ரெப் ஸ்டுடியோவில். கொஞ்சம் கோடுகளில் நிறையச் சொல்லிவிடுவது அந்த ஊர்க்காரர்களின் கைவேலை. விழாவும் அதே அளவில்தான் இருந்தது. இரண்டாம் நாளே முகங்கள் பழகிவிட்டன. காலைக் காட்சி முடிந்து காப்பி வாங்க நின்றால், சற்றுமுன் திரையில் பார்த்த படத்தின் இயக்குநர் நமக்குப் பின்னால் நிற்கிறார்.

அப்படித்தான் லிதுவேனியாவிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் பேச நேர்ந்தது. கண்ணாடித் தகட்டின் மேல் எண்ணெய் வண்ணம் பூசி, ஒரு சட்டகத்தைப் படம் எடுத்ததும் அதை விரலாலேயே துடைத்து அடுத்த சட்டகத்தை வரைகிறவர். முந்தைய ஓவியம் அதோடு போயிற்று. தவறினால் திரும்பிப்போக வழியில்லை. ஏழு நிமிடப் படத்துக்கு மூன்று வருடம். எப்படிப் பொறுமை வந்தது என்று கேட்டேன். பதில் சொல்லாமல் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். நகக்கண்களில் நீலம் ஏறியிருந்தது. படம் முடிந்து நான்கு மாதம் ஆகியும் போகவில்லையாம்.

அங்கிருந்து ஜெனீவாவுக்கு விமானம், பிறகு பஸ், ஆன்சி. அறை பதிவு செய்திருந்த வீட்டுக்காரர் பத்து நாள் முன்னால் ரத்து செய்துவிட்டார். ஜூனில் அந்த ஊரில் கடைசி நேரத்தில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ரயிலில் அரைமணிக்கு மேல் தள்ளியிருக்கும் ஏய்லெபேனில்தான் அறை கிடைத்தது. படங்களுக்கான இருக்கையை இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். பேசப்படும் படம் என்றால் நிமிடங்களில் தீர்ந்துவிடும். மிச்ச இடத்துக்கு வரிசை. வெயிலில் ஒன்றரை மணி நேரம் நின்று, எனக்கு இரண்டு பேர் முன்னால் கதவைச் சாத்தினார்கள். ஒருநாள் இரவுக் காட்சி நீண்டு கடைசி ரயிலும் போய்விட்டது. விடியும்வரை ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஏரி அழகுதான். அதிகாலை மூன்று மணிக்குக் குளிரும்.

ஆனாலும் போன்லியூ அரங்கத்தின் பெரிய கூடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். படம் தொடங்குவதற்கு முன் நூற்றுக்கணக்கானவர்கள் காகித விமானம் மடித்து மேடையை நோக்கி விடுகிறார்கள். ஒன்று மேடையைத் தொட்டால் கூடமே ஆர்ப்பரிக்கிறது. விளக்கு அணைந்ததும் மீன் வாய் திறப்பதுபோல் 'ப்ளாப், ப்ளாப்' என்று சத்தம். திரையில் முயல் வந்தால் 'லாப்பேன்!' என்று கூச்சல், பிரெஞ்சில் முயல். பள்ளிக்கூடத்து ஞாபகத்தில் நானும் ஒன்று மடித்துவிட்டேன். இரண்டு வரிசை முன்னால் இருந்தவரின் வழுக்கையில் போய் இறங்கியது. அவர் திரும்பிப் பார்த்து, அதை எடுத்து மறுபடி முன்னால் விட்டார். மேடையைத் தொட்டது.

வேலை தேடிப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. ஆன்சி விழாவோடு நடக்கும் 'மிஃபா' என்ற அனிமேஷன் தொழில் சந்தைக்கு நிகர் வேறில்லை. உங்கள் வேலை மாதிரிகளைத் தொகுத்த ரீலோடு அங்கே போகத்தான் வேண்டும். நான் மறுக்கவில்லை.

எனக்கு அந்தச் சந்தையில் மனம் ஒட்டாததற்கு ஒரு காரணம் உண்டு. உங்கள் கேள்விக்கும் இதற்கும் தொடர்பில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அங்கே ஓர் அரங்கின் திரையில் ஒரு தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அதில் பதினான்கு மாதம் கோட்டுத் திருத்த வேலை செய்தவன் நான். கதாநாயகியின் பின்னலை எத்தனை முறை வரைந்தேன் என்பது என் மணிக்கட்டுக்குத் தெரியும். கடைசியில் பெயர்கள் ஓடின. உணவு ஏற்பாடு செய்தவர் பெயர் இருந்தது. ஒரு நாய்க்குட்டிக்கு நன்றி இருந்தது. நாங்கள் நாற்பது பேர் சென்னையில் இரவுபகலாகச் செய்த வேலைக்கு ஸ்டுடியோவின் பெயர் மட்டும், அதுவும் எழுத்துப்பிழையோடு. ஒப்பந்தம் அப்படி என்பார்கள். இருக்கட்டும்.

மற்றவை சுருக்கமாக. விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆள் என்றால் வசந்தத்தில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்: ஊர் நடுவே ஷ்லாஸ்பிளாட்ஸ் புல்வெளியில் திறந்தவெளித் திரையிடல் இலவசம், 'எஃப்எம்எக்ஸ்' மாநாடும் அதே ஊரில். செப்டம்பரில் சூரிச்சுக்குப் பக்கத்தில் பாடனில் 'ஃபான்டோஷ்'. சின்ன ஊர், நல்ல தேர்வு. ஆனால் சுவிட்சர்லாந்து விலைவாசி. உறவினர் வீடு இருந்தால் யோசிக்காமல் போங்கள். போர்ச்சுகலில் போர்ட்டோவுக்குத் தெற்கே எஸ்பின்ஹோ என்ற கடற்கரை ஊரில், 1976 முதல் நவம்பரில் 'சினானிமா' நடக்கிறது. கூட்டம் குறைவு, சாப்பாடு மலிவு என்று போய்வந்த நண்பர் சொன்னார்.

அடுத்து எனக்கு எஸ்பின்ஹோதான். விடுப்புக்கு எழுதிக் கொடுத்து ஒரு மாதம் ஆகிறது. மேலாளர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.