கேள்வி–பதில்: 2 விழுக்காடு திரவம், பாதியான கிணறு

கேள்வி: தொடக்கச் சோதனையில் நன்றாக ஓடிய வாயுக் கிணறு, கிணற்றடி அழுத்தம் டியூ பாயின்டுக்கு (வாயுவிலிருந்து திரவம் பிரியத் தொடங்கும் அழுத்தம்) கீழே இறங்கியதும் பாதியாகிவிட்டது. ஆய்வக அறிக்கையோ அதிகபட்சம் 2 விழுக்காடு திரவம்தான் பிரியும் என்கிறது. இத்துணூண்டு கண்டன்சேட்டா (வாயுவிலிருந்து பிரியும் திரவமா) காரணம்? கணினி சிமுலேஷன் ஏன் முன்பே சொல்லவில்லை?

பதில்: அதேதான். ஆய்வகக் கலத்தில் அடைபட்ட வாயு ஒருமுறை உதிர்ப்பதோடு சரி. கிணற்றருகே புது வாயு வந்துகொண்டே இருக்கிறது, வருவதெல்லாம் தன் பங்குத் திரவத்தை அங்கே விட்டுவிட்டுப் போகிறது. ஓரளவு சேர்ந்த பிறகே அந்தத் திரவம் நகரத் தொடங்கும். அதற்குள் பாறைத் துளைகளில் பாதிகூட அடைபட்டுவிடலாம். இந்தோனேசியாவின் அருண் வயலில் இப்படித்தான் ஆனது: 2 விழுக்காட்டுக்கும் குறைவான திரவம், ஆனால் கிணறுகளின் திறன் ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கிணற்றின் ஆரம் 0.1 மீட்டர், வடிபரப்பின் (கிணற்றுக்கு வாயு வந்து சேரும் பகுதியின்) ஆரம் 500 மீட்டர். அழுத்த இழப்பு மடக்கை அளவில் கூடுவதால் மொத்தத் தடை 8.5 அலகு (500/0.1இன் இயல் மடக்கை). இதில் முதல் 5 மீட்டருக்கு மட்டும் 3.9, அதாவது 46 விழுக்காடு! அந்த 5 மீட்டரில் வாயுவின் சார்பு ஊடுருவல் (திரவம் உடனிருக்கும்போது வாயு பாறையில் பாயும் எளிமை) மூன்றில் ஒன்றானால் 3.9 என்பது 11.7 ஆகும். மொத்தம் 16.3. வரத்து பாதி. டியூ பாயின்டுக்கு மேலே எடுத்த சோதனையை வைத்து ஊகித்தால் இது கண்ணில் படாது.

சிமுலேஷனில் வயலைப் பிரிக்கும் 100 மீட்டர் கிரிட் கட்டத்திலும் படாது. கிணற்றை ஒட்டிய திரவ வளையம் சராசரியில் கரைந்துவிடும். கிணற்றைச் சுற்றி அரை மீட்டருக்கும் குறைவாகத் தொடங்கும் நுண்கட்டங்கள் வையுங்கள், அல்லது வளையத்தின் பாதிப்பை ஒரு தொகையீட்டில் அடக்கும் போலி அழுத்த (pseudopressure) முறையைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: சார்பு ஊடுருவல் அளக்க ஆய்வகத்தில் எதைக் கேட்க வேண்டும்?

பதில்: திரவச் செறிவுக்கு எதிரான முழு வளைவு கிணற்றுக் கணிப்புக்கு அவ்வளவாகத் தேவையில்லை. வாயு, திரவம் இரண்டின் சார்பு ஊடுருவல் விகிதத்துக்கு எதிராக வாயுவினுடையதைக் கேளுங்கள். பெவாங், விட்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1996இல் காட்டிய வழி இது. விகிதத்தைத் திரவ ஆய்விலிருந்தே கணிக்கலாம். மாறாக் கூட்டமைவுச் சோதனையில் (கலவையை மாற்றாமல் அழுத்தத்தை மட்டும் மாற்றுவது) திரவம் 2 விழுக்காடு என்றால் வாயு–திரவக் கொள்ளளவு விகிதம் 49. பாகுநிலை (பாய்வை எதிர்க்கும் தன்மை) வாயுவுக்கு 0.02, திரவத்துக்கு 0.2 சென்டிபாய்ஸ் என்று வையுங்கள். திரவத்தினுடையது பத்து மடங்கு, எனவே 49ஐப் பத்தால் வகுத்தால் சார்பு ஊடுருவல் விகிதம் 4.9. அந்த மதிப்பைச் சுற்றி அளந்தால் போதும்.

இன்னொன்று. கிணற்றருகே வேகம் கூடும்போது திரவம் உரிந்து வாயுவுக்கு வழி விடும். அதே வேகம் சடத்துவ இழப்பையும் (வேகப் பாய்வால் கூடுதலாக ஏற்படும் அழுத்த இழப்பு) கூட்டும். ஒன்றை மட்டும் மாதிரியில் சேர்ப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. சேர்த்தால் இரண்டையும் சேர்க்க வேண்டும்.

கேள்வி: சில நாள் கிணற்றை மூடி வைத்தால் திரவம் மறுபடி ஆவியாகுமா?

பதில்: பெரும்பாலும் ஆகாது. வளையத்தில் தேங்கிய கலவை மூல வாயுவைவிடக் கனமானது. அழுத்தம் ஏறினாலும் எண்ணெய் போலவே இருக்கும். பாறையைப் பிளந்து பாயும் பரப்பைக் கூட்டுவதே பலன் தரும், ஏனெனில் அதே வரத்துக்கு அழுத்த இழப்பு குறைகிறது.