பழைய புல்லட்டுக்கும் புது புல்லட்டுக்கும் என்ன வித்தியாசம்? எதை வாங்கலாம்?

தினமும் வேலைக்கு ஓட்டத்தான் வண்டி என்றால் புதுசு வாங்குங்கள். வாரத்தில் ஒரு நாளாவது வண்டியோடு உட்கார நேரமும் மனசும் இருந்தால் பழசு. என் பதில் இதுதான். ஆனால் "பழசு" என்று எல்லோரும் பொத்தாம்பொதுவாகச் சொல்வதற்குள் மூன்று விதமான இன்ஜின்கள் இருக்கின்றன. அதைப் புரிந்துகொள்ளாமல் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

என்னிடம் இருப்பது 1989 மாடல் 350, காஸ்ட் அயர்ன் போர், அதாவது சிலிண்டர் வார்ப்பிரும்பில் செய்தது. அதைக் கிளப்புவதிலிருந்தே சொல்கிறேன். சாவியைத் திருப்பியதும் ஹெட்லைட் கூட்டில் இருக்கும் ஆம்மீட்டர் (மின்னோட்டத்தைக் காட்டும் மீட்டர்) முள் ஒரு பக்கம் சாயும். கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் கல் மாதிரி நின்றுவிடும். பிஸ்டன் கம்ப்ரஷனுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இன்னும் ஒரு விரற்கடை இறக்க வேண்டும். ஸ்பார்க் தரும் பாயிண்ட் திறந்ததும் முள் நடுவுக்கு வந்து நிற்கும். லீவரை விட்டு, கிக்கரை முழுசாக மேலே வர விட்டு, உடம்பின் எடையைப் போட்டு ஒரே மிதி. இந்த வரிசையில் செய்தால் என் வண்டி பெரும்பாலும் முதல் மிதியிலேயே பேசும். முள்ளைப் பார்க்காமல் அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். வாங்கிய புதிதில் அப்படி ஒரு அடி பட்டு கணுக்கால் வீங்கி, நான்கு நாள் ஷூ போட முடியாமல் இருந்தேன்.

இந்த வண்டியின் வேர் இங்கிலாந்தின் ரெடிட்ச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியில் இருக்கிறது. புல்லட் என்ற பெயர் 1930களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஆனால் நாம் அடையாளம் காணும் புல்லட் 1940களின் கடைசியில் வந்ததுதான்: 70 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 346 சிசி. பின் சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்மும் ஷாக் அப்சார்பரும் கொடுத்தார்கள். பின்பக்கம் சஸ்பென்ஷனே இல்லாத வண்டிகள் நிறைய ஓடிய காலம் அது. புல்லட்டைப் பழமையின் சின்னமாகப் பார்க்கிறவர்களுக்கு இதைச் சொல்ல எனக்குப் பிடிக்கும். வந்தபோது அது முன்னோடி வண்டி.

1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெடிட்ச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. முதலில் உதிரிபாகங்களை அங்கிருந்து கொண்டுவந்து பூட்டினார்கள், அப்புறம் எல்லாவற்றையும் இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். ரெடிட்சில் 1960களில் புல்லட்டை நிறுத்திவிட்டார்கள், கொஞ்ச காலத்தில் அந்தக் கம்பெனியே மூடப்பட்டது. திருவொற்றியூரில் மட்டும் அந்த 1955 வண்டி பெரிய மாற்றம் இல்லாமல் வந்துகொண்டே இருந்தது. 1977இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆனது. நடுவில் 325 சிசி டீசல் புல்லட்டும் வந்தது. 6.5 குதிரைத் திறன்தான், ஆனால் மைலேஜுக்காகத் தேடி வாங்கினார்கள்.

1994இல் கம்பெனி ஐஷர் நிறுவனத்தின் கைக்குப் போன பிறகுதான் இன்ஜினில் பெரிய மாற்றங்கள் வந்தன. முதலில் ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத்தோடு சேர்ந்து செய்த அலுமினிய இன்ஜின். மச்சிஸ்மோ, பழைய தண்டர்பேர்டு வண்டிகளில் இருப்பது அதுதான். செகண்ட் ஹேண்ட் சந்தையில் இதை யாரும் மதிப்பதில்லை. என்னைக் கேட்டால் காஸ்ட் அயர்னைவிட சூட்டை நன்றாகத் தாங்கும், நெடுந்தூரத்துக்கு நல்ல இன்ஜின். மூன்றாவது "பழசு" 2008, 2009 வாக்கில் வந்த யுசிஇ, அதாவது யூனிட் கன்ஸ்ட்ரக்ஷன் இன்ஜின். இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் வந்தன. ஹைட்ராலிக் டேப்பெட் என்பதால் வால்வு இடைவெளியை அட்ஜஸ்ட் செய்யும் வேலையே போய்விட்டது. என் வண்டியில் இன்ஜின் ஆறிய பிறகு டேப்பெட் மூடியைக் கழற்றி, வால்வைத் திறக்க உதவும் கம்பியான புஷ் ராடை இரண்டு விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். சுலபமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அந்தப் பதம் கைக்குப் பழக எனக்கு ஒரு வருடம் ஆனது.

இப்போது ஷோரூமில் நிற்பது 349 சிசி ஜே சீரிஸ் இன்ஜின் வண்டி. அந்த இன்ஜின் 2020இல் இதே கம்பெனியின் மீட்டியார் வண்டியில் வந்தது, 2023இல் புல்லட்டுக்கும் வந்துவிட்டது. புஷ் ராடே கிடையாது, கேம் ஷாஃப்ட் ஹெட்டுக்குப் போய்விட்டது. அதிர்வைக் குறைக்கும் பேலன்சர் ஷாஃப்ட் இருப்பதால் கை மரத்துப் போகாது. 20.2 குதிரைத் திறன், 27 நியூட்டன் மீட்டர் டார்க், ஏபிஎஸ் உண்டு, கிக்கர் இல்லை. "அந்தப் பழைய சத்தம் இல்லை" என்று குறை சொல்கிறார்கள். பழைய வண்டியின் டப் டப்புக்குக் காரணம் கனமான பிளைவீலும் நீண்ட ஸ்ட்ரோக்கும், அதனால் கிடைத்த நிதானமான ஐட்லிங்கும். புது இன்ஜின் கொஞ்சம் மென்மையாகத்தான் பேசுகிறது. ஆனால் மூன்றாம் கியரில் மெதுவாகப் போகும்போது கீழிருந்து இழுக்கும் அந்த இழுவை அப்படியே இருக்கிறது. எனக்கு சத்தத்தைவிட அதுதான் புல்லட்.

காஸ்ட் அயர்ன்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் சில விஷயங்கள். பெரும்பாலான வண்டிகளில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. வேறு வண்டி ஓட்டிப் பழகிய கால் அவசரத்தில் பிரேக் என்று நினைத்து கியரை மிதிக்கும். காலியான சாலையில் சில நாள் பழகாமல் டிராஃபிக்கில் இறங்காதீர்கள். டிரம் பிரேக்கை நம்பி முன்னால் போகிறவரை ஒட்டிப் போகாதீர்கள். ஆர்சியில் உள்ள இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று நீங்களே குனிந்து படித்துப் பாருங்கள்.

ரொம்ப நாள் நின்ற வண்டி கிளம்பும்போது புகை விட்டால் பயப்பட வேண்டாம், ஆயில் கிராங்க் கேஸுக்குள் இறங்கியிருக்கும். பத்து நிமிடம் ஓடிச் சூடான பிறகும் நீலப் புகை வந்தால்தான் போரையும் ரிங்கையும் சந்தேகப்பட வேண்டும். அதனால் காலையில் போங்கள், முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று ஓனரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால், அப்புறம் அவரை மிதிக்கச் சொல்லுங்கள்.