ஊரிலிருந்து உறவுகள் வருகிறார்கள், கிறிஸ்துமஸுக்கு எங்கே கூட்டிப்போவது?

கேள்வி: நாகர்கோவிலிலிருந்து மாமனார், மாமியார், நாத்தனார் குடும்பம் எல்லோரும் முதல் தடவையாக கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். மாமியாருக்கு முழங்கால் வலி. நாத்தனார் பையன் பத்தாவது படிக்கிறான், பெண்ணுக்கு ஐந்து வயது. எங்களிடம் இருப்பது ஒரு சின்ன கார். விடுமுறை நேரத்து ஜிஎஸ்டி ரோட்டை நினைத்தாலே எனக்குக் கவலையாக இருக்கிறது. நான்கு நாளில் எங்கெல்லாம் கூட்டிப்போகலாம்?
(வாசகி, குரோம்பேட்டை)

பதில்: குமரி மாவட்டத்துக்காரர்களை நட்சத்திரமும் சீரியல் பல்பும் காட்டி அசத்த முடியாது. தெருவுக்குத் தெரு இளைஞர்கள் கூடி ஆள் உயரத்துக்குக் குடில் போடுகிற ஊரிலிருந்து வருகிறார்கள், அதைவிடப் பெரிய அலங்காரம் தேடி நீங்கள் அலைய வேண்டியதில்லை. ஊரில் இல்லாதது இங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் ஸ்டேஷனிலிருந்து பீச் ரயிலில் ஏறினால் ஐந்தாவது ஸ்டேஷன் பரங்கிமலை. என்னைக் கேட்டால் முதல் இடம் அதுதான், மற்றதெல்லாம் அப்புறம்.

ஆனால் எப்போது போகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 25ஆம் தேதி சாயங்காலம் வேண்டவே வேண்டாம். 26 அல்லது 27ஆம் தேதி காலை ஏழு மணிக்கு மலையில் இருக்கிற மாதிரிக் கிளம்புங்கள், அந்த நேரத்தில் ஜிஎஸ்டி ரோடும் ஓரளவு காலியாக இருக்கும். மாமனார் மாமியாரோடு குட்டிப் பெண்ணும் உங்கள் காரில் போகட்டும், மேலே வரைக்கும் வண்டிப் பாதை இருக்கிறது. மற்றவர்கள் ரயிலில் இறங்கி அடிவாரம் வரை ஆட்டோ பிடித்து, அங்கிருந்து படியேறலாம். நூற்றுச் சொச்சம் படிதான், ஆற அமர ஏறலாம். 18ஆம் நூற்றாண்டில் அந்தப் படிகளைக் கட்டிக் கொடுத்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி. சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குக் குறுக்கே முதலில் பாலம் கட்டியதும் அவர்தான்.

மேலே இருப்பது சின்னக் கோயில், போர்த்துகீசியர்கள் 1523இல் கட்டியது. இயேசுவின் சீடர்களில் ஒருவரான தோமையார் உயிர்விட்ட இடம் என்பது காலங்காலமாக இருந்துவரும் நம்பிக்கை. பலிபீடத்துக்குப் பின்னால் கல்லில் செதுக்கிய ஒரு சிலுவை இருக்கிறது, 1547இல் மண்ணிலிருந்து எடுத்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் அதைச் சுற்றி வளைவாகப் பழைய பாரசீக எழுத்துகள் ஓடுவது தெரியும், பஹ்லவி என்பார்கள். பிள்ளைகளை அந்த எழுத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். வெளியே வந்து தடுப்புச் சுவர் ஓரமாக நின்றால் மீனம்பாக்கம் ரன்வே முழுசாகத் தெரியும், விமானம் இறங்குவதைப் பார்க்க ஆரம்பித்தால் ஐந்து வயதுப் பெண் கிளம்பவே சம்மதிக்க மாட்டாள். பத்தாவது படிக்கிற பையனுக்கும் அங்கே விஷயம் இருக்கிறது. எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டார்களே, அந்தப் பெரிய நில அளவை வேலையை 1802இல் வில்லியம் லாம்டன் இந்த மலையை ஒட்டித்தான் தொடங்கினார். அவருடைய சிலையும் மேலேயே இருக்கிறது.

அன்றைக்கு அது போதும். பக்கத்தில்தானே என்று சின்னமலை, சாந்தோம், பெசன்ட் நகர் எல்லாவற்றையும் ஒரே நாளில் சேர்க்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன், மதியத்துக்குள் பெரியவர்களுக்குக் கால் வீங்கிவிடுகிறது, பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு இடம். சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுங்கள், மதியம் எல்லோரும் தூங்கட்டும். உங்கள் மாமியாருக்கு உங்களோடும் மகனோடும் உட்கார்ந்து பேச நேரம் கிடைப்பது ஊர் சுற்றுவதைவிடப் பெரிய விஷயம்.

24ஆம் தேதி ராத்திரிப் பூசைக்கு உங்கள் பங்குக் கோயிலுக்கே போய்விடுங்கள். சாந்தோம் கோயிலில் பார்க்க வேண்டும் என்று மாமனார் ஆசைப்படலாம், ஆசை நியாயம்தான், ஆனால் அந்த ராத்திரியில் கூட்டம் வாசலைத் தாண்டி நிற்கும், முழங்கால் வலியோடு ஒருவர் நின்றுகொண்டே பூசை காண்பது கஷ்டம். அதனால் சாந்தோமை இன்னொரு நாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நாம் பார்க்கிற வெள்ளைக் கோபுரக் கோயில் 1896இல் கட்டியது. தோமையாரின் கல்லறை கீழ்த்தளத்தில் இருக்கிறது, அங்கே அமைதியாக உட்கார்ந்து ஜெபிக்கலாம். முடித்துவிட்டுப் பக்கத்தில் லஸ் போனால் காட்டுக் கோயிலையும் பார்த்துவிடலாம், சாந்தோமைவிடப் பல நூறு வருஷம் பழைய கட்டடம். டிசம்பர் மயிலாப்பூர் என்பதால் அங்கேயே ஏதாவது ஒரு சபா கேன்டீனில் டிபனையும் முடித்துக்கொள்ளலாம்.

25ஆம் தேதி காலை ஆராதனை, பிறகு வீடு. பிரியாணியை முந்தின நாளே சொல்லி வைத்துவிடுங்கள், அன்றைக்கு மத்தியானம் கடையில் போய் நின்றால் காத்திருந்தே பசி போய்விடும். கேக்கும் அப்படித்தான். பலகாரத்துக்குக் கவலைப்படாதீர்கள், முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் எப்படியும் நாகர்கோவிலிலிருந்து டப்பா டப்பாவாக வந்துவிடும். இருட்டினதும் பிள்ளைகளோடு உங்கள் தெருவையும் பக்கத்துத் தெருவையும் நடந்தே சுற்றி நட்சத்திரம் பாருங்கள், பலகாரத் தட்டைக் கையோடு கொண்டுபோய் அக்கம்பக்கத்தில் கொடுங்கள். எலக்ட்ரிக் ட்ரெயின் அன்றைக்கு வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை அட்டவணைப்படிதான் ஓடும், ரயிலை நம்பி எதுவும் திட்டம் போடாதீர்கள்.

இன்னும் ஒரு நாள் மீதி இருந்தால், நாத்தனார் வீட்டுக்காரருக்குக் கட்டடக்கலையில் ஆர்வம் இருந்தால், எழும்பூரில் இறங்கி ஆன்ட்ரூஸ் சர்ச்சைக் காட்டுங்கள். 1821இல் திறந்தது. வட்டமான கூடம், நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்க நீல வானமும் நட்சத்திரங்களும் தீட்டியிருக்கும்.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து தங்கை குடும்பம் வருகிறது. நாங்கள் இந்துக்கள். அவள் பிள்ளைகளுக்கு நள்ளிரவுப் பூசை பார்க்க வேண்டும் என்று ஆசை. போகலாமா? யாராவது ஏதாவது சொல்வார்களா?
(வாசகர், மடிப்பாக்கம்)

பதில்: தாராளமாகப் போங்கள். பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயிலுக்கு வருகிறவர்களில் எல்லா மதத்தினரும் உண்டு, உங்களை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆனால் பிள்ளைகளுக்கு முதல் பூசை என்றால், அவ்வளவு கூட்டத்தில் ஒன்றும் பார்க்க முடியாது, மடிப்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பங்குக் கோயிலில் நேரம் விசாரித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். பக்கவாட்டில் குடில் தெரிகிற மாதிரி இடம் பிடியுங்கள். பாலன் இயேசுவின் சின்னச் சுரூபத்தைச் சாமியார் கையில் ஏந்திக்கொண்டு வந்து வைக்கோல் மேல் வைப்பார், மணிகள் அடிக்கும், பாடகர் குழு முழுக் குரலில் பாடும். பிள்ளைகள் பார்க்க வேண்டியது அந்த நேரத்தைத்தான்.

ஒன்றே ஒன்று. நற்கருணை என்கிற அப்பத்தைக் கொடுக்கும்போது எல்லோரும் வரிசையாக எழுந்து போவார்கள். நம் கோயில் பிரசாதம் மாதிரி என்று நினைத்து நிறையப் பேர் வரிசையில் நின்றுவிடுகிறார்கள். அது திருமுழுக்குப் பெற்றுத் தயாரித்துக்கொண்ட கத்தோலிக்கர்களுக்கானது, நீங்கள் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தால் போதும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். செல்போன் வீடியோவும் பூசை முடிந்த பிறகு, குடிலுக்குப் பக்கத்தில். பனி இருக்கும், சில வருஷம் மழையும் இருக்கும், சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு மெல்லிய ஸ்வெட்டரும் வீட்டுக்கு ஒரு குடையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு வயதுப் பையனுக்கு வேளச்சேரி மாலில் கிறிஸ்துமஸ் மரம் காட்ட வேண்டும். எப்போது போகலாம்?
(வாசகி, மேடவாக்கம்)

பதில்: வார நாளில், கடை திறக்கிற நேரத்துக்கு. ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டுப் பையன் தூங்குவதற்குள் வீடு திரும்பிவிடலாம். 24, 25 சாயங்காலம் என்றால் பார்க்கிங் வரிசையிலேயே அவன் தூங்கிவிடுவான். ஆட்டோவில் போய்விட்டு வாருங்கள்.

கேள்வி: அண்ணன் குடும்பம் 28ஆம் தேதி ராத்திரி கிளாம்பாக்கத்திலிருந்து மதுரை பஸ் ஏறுகிறார்கள். கடைசி நாளில் பிள்ளைகளுக்கு ஏதாவது காட்ட முடியுமா?
(வாசகர், தாம்பரம்)

பதில்: வண்டலூர் பூங்காவே போதும், கிளாம்பாக்கம் போகிற வழியில்தானே இருக்கிறது. காலையில் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள், மத்தியானம் வெயில் ஏறினால் விலங்குகளும் நிழலுக்குப் போய்விடும், பிள்ளைகளும் சோர்ந்துவிடுவார்கள். நடக்க முடியாதவர்களுக்குப் பேட்டரி வண்டி இருக்கிறது, அதற்கும் வரிசை நிற்கும் என்பதால் உள்ளே நுழைந்ததும் முதலில் அதைக் கவனியுங்கள். பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், மூன்று மணிக்கு வீடு திரும்பிக் குளித்துச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் பஸ்ஸுக்கு நேரம் இருக்கும். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு வழக்கமாக விடுமுறை, 28ஆம் தேதி என்ன கிழமை என்று காலண்டரைப் பார்த்துவிட்டு அப்புறம் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.